எடுத்து வைக்கச் சொன்ன தட்டுகள்

அம்மாவோட தட்டெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க என்று எதித் போனில் சொன்னாளாம். ரெமி அதை அப்படியே அமலோற்பவத்திடம் ஒப்பித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். பிறகு பையை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்கக் கிளம்பிவிட்டார். வழக்கம் போல செல்போனை மறந்துவிட்டுப் போனார். சாவி சின்னதாக, கறுத்துப் போய் இருந்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்தில் அமலோற்பவம் ஈரத் துணியோடு அந்தக் கண்ணாடி அலமாரிப் பக்கம் போனபோது, அவர் ஹாலிலிருந்தே, "அத விடு, அமலோ, அது மதலேனோடது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தூங்குகிற குழந்தையின் அறைக்குள் போகிறவரைத் தடுக்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார். அன்றைக்கு எடுத்த கையை இத்தனை வருஷமாக அவள் அந்தப் பக்கம் நீட்டவில்லை. வெளிக் கண்ணாடியை மட்டும் துடைப்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், ஆனால் பார்த்தது கிடையாது. கோயிலுக்குள் கூட்டத்தில் நிற்கும்போது பீடத்தின் மேல் ஏதோ வெள்ளையாகத் தெரியுமே, அந்த அளவுக்குத்தான் தெரியும். மதலேன் ரெமியின் முதல் மனைவி. இறந்துபோனவள். எதித் அவள் பெற்ற ஒரே பெண், பிரான்சில் துலூஸில் வேலை பார்க்கிறாள். ரெமியின் இரண்டாம் கல்யாணத்துக்கு வரவில்லை. இப்போது லீவில் புதுச்சேரி வந்து, வீட்டில் தங்காமல் கடற்கரைப் பக்கம் ஹோட்டலில் அறை எடுத்திருக்கிறாள். இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். அடுப்பில் மாங்காய் போட்ட கொடுவா மீன் குழம்பு தயார். சோறு வடித்தாயிற்று. இனித் தட்டு மட்டும்தான். அமலோற்பவம் சாவியை நுழைத்தாள். அது திரும்ப மாட்டேன் என்று கொஞ்சம் முரண்டு பிடித்துப் பிறகு சட்டென்று திரும்பியபோது, யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்டது போல அவளுக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

வெள்ளை. அவளுக்கு வெள்ளை புதிதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கடலூரில் கூட்டுறவு ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவில் நின்றவள். வெள்ளையிலேயே எழுந்து வெள்ளையிலேயே நாளைக் கழித்தவள். நீலம் போட்ட வெள்ளை, கோடி வேட்டியின் பழுப்பு கலந்த வெள்ளை, கல்லறைக்குப் போகிறவர்களுக்கென்று அவசரமாகக் கேட்டு வாங்கிப் போகும் மல்லுத் துணியின் சோகையான வெள்ளை. இது அதில் எதிலும் சேரவில்லை. இதற்குள் பால் ஓடுவது மாதிரி இருந்தது. முதல் தட்டை இரண்டு கையாலும் தூக்கி, எதற்கென்று யோசிக்காமலே ஜன்னல் பக்கம் திருப்பினாள். தட்டுக்குப் பின்னால் இருந்த தன்னுடைய விரல்கள் தட்டு வழியாகவே தெரிந்தன! நாலு விரலும் நாலு நிழலாக. மேகத்துக்குப் பின்னால் ஆள் நிற்பது போல. கல் மாதிரி கெட்டியாக இருக்கிற ஒன்றுக்குள் எப்படி வெளிச்சம் நுழைகிறது? விரலை அசைத்தாள், நிழல் அசைந்தது. அப்படியே கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்புறம் மதலேனின் படம் ஹாலில் இருப்பது ஞாபகம் வந்து, பார்த்துவிட்டாளோ என்று கையைத் தாழ்த்தினாள். படத்தில் மதலேன் முத்துமாலை போட்டு, கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள். இந்தத் தட்டில் சாப்பிட்ட கழுத்து. இந்தத் தட்டில் சாப்பிட்டால் கழுத்து தானாக அப்படி நிமிர்ந்துவிடும் போலும். அமலோற்பவம் கன்னியர் விடுதியில் படித்த காலத்தில் எனாமல் தட்டு. விளிம்பெல்லாம் எனாமல் உதிர்ந்து கறுப்புக் கறுப்பாக, ஒவ்வொருத்தி தட்டுக்கும் ஒவ்வொரு உதிர்ச்சி, அதை வைத்துத்தான் யார் தட்டு என்று அடையாளம். அவளுடையதில் ஒரு ஆட்டுக்குட்டி மாதிரி உதிர்ந்திருக்கும். சாப்பிடும்போது அந்த ஆட்டுக்குட்டியைச் சோற்றால் மூடிவிட்டு, சாப்பிடச் சாப்பிட அது வெளியே வருவதைப் பார்ப்பாள். குனிந்துகொண்டு சாப்பிட்டுப் பழகிய கழுத்து இது. இந்த வயதில் இனி நிமிரவா போகிறது?

ஒவ்வொன்றாக எடுத்தாள். பிளாஸ்டிக் டப்பின் அடியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குளிக்க வைப்பது போலக் கழுவினாள். தட்டு, அதைவிடப் பெரிய தட்டு, குழிவான தட்டு, மீனுக்கென்றே நீளமாக ஒன்று. பூ இல்லை, தங்கக் கோடு இல்லை, ஒரு நிறமும் இல்லை. விளிம்பைச் சுற்றி இலைச்சரம் ஒன்று ஓடுகிறது என்பதே கட்டைவிரல் சொல்லித்தான் தெரிந்தது. வெள்ளையின் மேல் வெள்ளையாகவே புடைத்திருந்தது. இதைச் செய்தவனுக்கு எவ்வளவு துணிச்சல்! இவ்வளவு வேலை செய்துவிட்டு, பார்க்கிறவர் பார்க்கட்டும், பார்க்காவிட்டால் போகட்டும் என்று விட்டிருக்கிறான். கடையில் ஒரு சரிகைக் கரை நன்றாக வந்துவிட்டால் அதை மடிப்பின் மேலே தெரிகிற மாதிரிதானே அடுக்குவோம்? கடைசியாக அலமாரியின் அடி அடுக்கிலிருந்து மூடி போட்ட பெரிய சூப்புக் கிண்ணம் வந்தது. ரெமி எப்போதாவது அந்த அலமாரியைப் பற்றிப் பேசினால் 'சூப்பியேர்' என்று அதைத்தான் சொல்வார், பிரெஞ்சுப் பேர். அதைத் தூக்கும்போது அவளுக்கு மூச்சே நின்றது. கிண்ணமா அது? வெள்ளைக்காரத் தெருவில் தூண் வைத்து நிற்கிற பெரிய கட்டடம் ஒன்றை யாரோ வேண்டி விரும்பிக் கைக்கு அடக்கமாகச் சுருக்கித் தந்த மாதிரி இருந்தது. கீழே சதுரப் பீடம். அதன் மேல் வரிவரியாகக் குழித்த வயிறு. இரண்டு பக்கமும் கைப்பிடிக்குப் பதில் இரண்டு சிங்க முகம், வாயில் வளையம். மூடியின் உச்சியில் மூடிய மொட்டு. இவ்வளவும் இருந்தும் ஒரு இடத்தில்கூட அதிகப்படியாக எதுவும் இல்லை. ஒரு கோட்டை எடுத்தாலும் குறைந்துபோகும், ஒரு கோட்டைச் சேர்த்தாலும் கெட்டுப்போகும் என்று தோன்றியது. கை வழுக்கிவிடுமோ என்ற நினைப்பு அப்போதுதான் முதல் தடவை வந்தது. வந்த உடனே கை வழுக்கத் தொடங்கியது. இல்லை, வழுக்கவில்லை, வழுக்கும் என்கிற எண்ணம்தான் விரலுக்குள் இறங்கி ஈரமாக நின்றது. விழுந்தால் எப்படிச் சத்தம் கேட்கும் என்று காது முன்கூட்டியே கேட்டுவிட்டது. சேசுவே, சேசுவே என்று சொல்லிக்கொண்டே மேசை வரை நடந்து, பீடத்தை மரத்தில் பதிய வைத்து, கையை எடுத்த பிறகும் கையை எடுக்காதவள் போல அங்கேயே நின்றாள்.

மேசையில் மூன்று பெரிய தட்டு, அதன் மேல் மூன்று குழித்தட்டு, நடுவில் சூப்பியேர், பக்கத்தில் மீன் தட்டு. தட்டுகளை நேராக்க ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தியபோதுதான் அந்த நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. எடுத்து வைக்கச் சொன்னாள். எடுத்து வை என்றால்? எடுத்து மேசையில் வை. அப்படித்தானே? சாப்பாட்டுக்கு வருகிற பெண், அம்மாவின் தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் வேறென்ன அர்த்தம். ஆனால் கடையில் வாடிக்கைக்காரர் ஒரு புடவையைக் காட்டி, 'இத எடுத்து வைங்க, அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்' என்பாரே, அதுவும் எடுத்து வைப்பதுதானே. ஒதுக்கி வை. கட்டி வை. நான் வந்து கொண்டுபோகிறேன். எதித் அடுத்த வாரம் துலூஸ் திரும்புகிறாள். அம்மாவின் பொருள், மகளுக்குச் சேர வேண்டியது, எடுத்துப் போக வருகிறாள். வாசலில் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டு போவதற்கு முன்னால் மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிடுவாள். அவள் வந்து பார்க்கும்போது அம்மாவின் தட்டுகளை அப்பாவின் இன்னொரு பெண்டாட்டி மேசையில் பரப்பி, தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு… மூன்று தட்டு. யோசிக்காமல் மூன்று வைத்திருக்கிறாள். தனக்கென்று ஒன்று வைக்கும்போது கை கூசக்கூட இல்லையே! என்ன சொன்னாள் எதித், சரியாக? ரெமியிடம் கேட்கலாமென்றால் அவருடைய போன் டிவி மேல் கிடக்கிறது. எதித்துக்கே அடித்துக் கேட்டால்? நம்பர் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒருமுறை அடித்ததில்லை. போனை எடுத்தாள். எடுத்து என்னவென்று ஆரம்பிப்பது? நான்தான் பேசுறேன். நான்தான் என்றால் யார்? லீவில் வருகிறபோதும் எதித் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சித்தி என்றில்லை, பேர் சொல்லியும் இல்லை. நீங்க, வாங்க, அவங்க என்று வார்த்தையின் வாலைப் பிடித்துக்கொண்டே ஓட்டிவிடுவாள். கூப்பிடப் பேர் இல்லாத ஒருத்தி போன் பண்ணி, எடுத்து வை என்று சொன்னீர்களே அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பைத்தியம் என்பாள். போனை வைத்தாள். வைத்த இடத்திலிருந்து மறுபடி எடுத்து, மறுபடி வைத்தாள்.

எல்லாவற்றையும் திருப்பி உள்ளே வைத்துவிடலாம். ஈரம் காய்ந்திருக்கும், ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அடுக்களையில் எவர்சில்வர் தட்டு இருக்கிறது, அதில் சோறு போடலாம், அவள் எந்த அர்த்தத்தில் சொல்லியிருந்தாலும் பாதகமில்லை. ஓரத்துத் தட்டைத் தூக்கக்கூடத் தூக்கிவிட்டாள். அப்போது வெயில் நகர்ந்திருந்தது. கிழக்கு ஜன்னலை விட்டு மேலே ஏறி, காற்றுப்போக்கிக் கண்ணாடி வழியாகச் சாய்ந்து மேசையில் விழுந்தது. விழுந்த வெளிச்சம் மற்ற பொருளில் விழுவது போல மேலே நிற்காமல் உள்ளே போனது. சூப்பியேரின் குழித்த வரிகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நிழலும் ஒரு பக்கம் ஒளியுமாகப் பிரிந்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல்வது மாதிரி காட்டியது. சிங்கங்கள் இரண்டும் கண் விழித்தன. தட்டுகளின் விளிம்பிலிருந்து எதிர்ச் சுவரில் மங்கலான வட்டங்கள் விழுந்து ஆடின. தினம் கேஸ் புத்தகமும் மருந்துச் சீட்டும் கிடக்கிற அதே மேசைதான். அவள் தூக்கிய தட்டைக் கையில் வைத்தபடி நின்றாள். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும் சபை முழுவதும் ஒரு நொடி இருமாமல் நிற்குமே, அந்த அமைதி அந்த அறைக்குள் வந்திருந்தது. இதை உள்ளே தள்ளிப் பூட்டுவதா? பூட்டினால் யாருக்கு நல்லது? தப்பு என்றால் தப்பாகவே இருக்கட்டும். கொண்டுபோகிறவள் கொண்டுபோகட்டும், ஒரு மத்தியானம் இது மேசையில் இருந்துவிட்டுப் போகட்டும். தட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். மூன்றாவது தட்டையும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று அவளுக்கே புரியவில்லை. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அது பக்கத்தில்தான் நின்றது. அதுவும் வாயைத் திறந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலில் ஆட்டோ நின்றது. எதித் உள்ளே வந்தாள். பருத்திச் சட்டையும் கால்சட்டையும், முகத்தில் ரெமியின் மூக்கு, கழுத்து மட்டும் படத்தில் இருக்கிறவளின் கழுத்து. கக்கத்தில் மடித்த அட்டைப் பெட்டி. தோளில் கொப்புளக் கொப்புளமாக இருக்கிற பிளாஸ்டிக் தாள் சுருள். அமலோற்பவம் அந்தச் சுருளைப் பார்த்தாள். அவ்வளவுதான், தெரிந்துவிட்டது. எதித் சாப்பாட்டு அறை வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"நான் கட்டி எடுத்து வைக்கத்தானே சொன்னேன்," என்றாள். குரல் ஏறவில்லை.

"உங்கப்பா எடுத்து வைன்னுதான் சொன்னாரு. நான் மேசையிலன்னு நெனச்சிட்டேன்." அமலோற்பவம் மேசைப் பக்கம் திரும்பினாள். "தப்பா எடுத்துக்காத. சோறு இன்னும் போடல. தண்ணிகூட ஊத்தல. இதோ, எடுத்திடுறேன்." தட்டை நோக்கிக் கை நீட்டினாள்.

"வேணாம். இருங்க."

எதித் பெட்டியைச் சுவரில் சாய்த்தாள். மேசையைச் சுற்றி மெதுவாக நடந்தாள். தொடவில்லை. சூப்பியேருக்கு நேராக வந்ததும் குனிந்து, சிங்கத்தின் முகத்தைச் சின்னப் பிள்ளை மாதிரி உற்றுப் பார்த்தாள். "இதுக்கு மூஞ்சி இருக்கு," என்றாள். "அது எனக்குத் தெரியாது. அலமாரில எப்பவும் பக்கவாட்டுல இருக்கும்."

"சாப்பிடும்போது பாத்திருப்பியே, மா."

எதித் நிமிர்ந்தாள். "இதுல யாரு சாப்பிட்டா?" என்றாள். "தாத்தா பட்டாளத்துல இருந்தப்ப பிரான்சுலேந்து கொண்டாந்தது, அம்மா கல்யாணத்துக்கு. நல்ல நாள் வரட்டும், எடுக்கலாம்பாங்க. கோயில்ல எனக்குப் புதுநன்மை குடுத்தன்னிக்கு எடுக்கல. நான் பாஸ் பண்ணினதுக்கு எடுக்கல. பிரான்சுக்குக் கெளம்பினன்னிக்கு அலமாரியத் தொறந்தாங்க, கொஞ்ச நேரம் பாத்தாங்க, பூட்டிட்டாங்க. ஒடைஞ்சிடும்னு பயம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தியும் எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சாங்க. ஒங்களுக்குக் கை வலிக்கும்மா, விடுங்கன்னேன். நீ பேசாம இருன்னாங்க." மறுபடி மேசையைப் பார்த்தாள். "இத மேசையில போட்டு நான் பாத்ததே இல்ல. இவ்வளவு அழகா இருக்கும்னு அம்மாவுக்கே தெரிஞ்சிருக்காது."

நிமிர்ந்த கழுத்தோடு இந்தத் தட்டில் மீனை முள்ளெடுத்துச் சாப்பிட்ட ஒரு மதலேனை அமலோற்பவம் இத்தனை வருஷம் மனசுக்குள் உட்கார வைத்து, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டே வாழ்ந்துவிட்டாள். அந்த மதலேன் இல்லவே இல்லை. ஈரத் துணியோடு அலமாரி முன்னால் நின்று, தொடலாமா வேண்டாமா என்று பயந்த ஒருத்திதான் இருந்திருக்கிறாள். அவளுக்கும் இதைப் பார்த்து மூச்சு நின்றிருக்கும். அவளும் இதைத் தூக்கும்போது சேசுவே என்றிருப்பாள். முன்பின் பார்த்திராத அந்தப் பெண் மேல் திடீரென்று ஒரு வாஞ்சை பொங்கி, அமலோற்பவம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் நெடி என்று எதித் நினைத்திருப்பாள்.

ரெமி ரொட்டியோடு வந்தார். மேசையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, கை கழுவி, தன் நாற்காலியில் ஓசைப்படாமல் உட்கார்ந்தார். எதித்தும் உட்கார்ந்தாள். மூன்றாவது தட்டைக் கண்ணால் காட்டி, "நீங்களும் உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததோடு சரி. சோற்றுப் பானை ஒரு பக்கம், குழம்புச் சட்டி ஒரு பக்கம், நடுவில் மூன்று வெள்ளைத் தட்டும் மூன்று ஆளும். யாரும் கையை நீட்டவில்லை. ரெமி ரொட்டியைப் பிய்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். துணுக்கு தட்டில் விழாமல் உள்ளங்கையைக் குவித்திருந்தார். இத்தனை நாள் ஒரு பருக்கை படாத வெள்ளை. முதலில் அதைத் தொடப் போவது மஞ்சளும் மிளகாயும் புளியும். யார் தொடங்குவது? பெற்ற மகள் இருக்கிறாள், தாலி கட்டியவர் இருக்கிறார். ஆனால் இந்த வீட்டில் பரிமாறுகிற கை எது? அமலோற்பவம் எழுந்தாள். குழம்புச் சட்டியைப் பிடிதுணியோடு தூக்கினாள். சூப்பியேரின் மூடியை எதித் எடுத்துப் பிடித்துக்கொண்டாள், அவளாகவே. குழம்பு தளதளவென்று உள்ளே இறங்கியது. இரண்டு சிங்கத்துக்கும் நடுவிலிருந்து ஆவி எழும்பி மூன்று பேர் முகத்திலும் அடித்தது. பிறகு அவள் எதித்தின் தட்டில் சோறு வைத்து, கரண்டியைச் சாய்த்தாள். வெள்ளையின் மேல் அந்தச் சிவப்பு விழுந்தபோது மூன்று பேருமே ஒருதரம் மூச்சை இழுத்தார்கள். அது சோற்றைத் தாண்டி வழிந்து, விளிம்பு வரை ஓடி, புடைத்த இலைகளின் இடுக்கில் புகுந்தது. ஓர் இலை, அடுத்த இலை, அதற்கடுத்தது என்று நரம்பு நரம்பாகச் சரம் மேலெழுந்து வந்தது. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ செதுக்கியதை அந்த மேசையில் இருந்தவர்கள் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தார்கள்.

"மதலேன் இருந்தா…" என்று ரெமி ஆரம்பித்தார்.

"இருந்தா இன்னும் அலமாரிலதான் இருக்கும், பப்பா," என்றாள் எதித். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் நின்றது. ரெமியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார். எதித் முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்தாள். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். அமலோற்பவம் தன் தட்டில் கை வைத்தாள். சோற்றுச் சூடு பீங்கானுக்குள் ஏறி உள்ளங்கைக்கு வந்தது. ஒரு வாய் வைத்தாள். உப்பு கொஞ்சம் கூடத்தான். யாரும் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் எதித் எழுந்து அடுக்களைக்கு வந்தாள். "நீங்க கழுவுங்க, நான் தொடைக்கிறேன்," என்றாள். அமலோற்பவம் கழுவிக் கொடுத்தாள். இப்போது கை வழுக்குமோ என்ற நினைப்பே வரவில்லை. மஞ்சள் ஒரு தேய்ப்பில் போய்விட்டது, சுவடே இல்லை. அதுவும் ஒரு ஆச்சரியம். எதித் துடைத்த தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஹாலில் சுவரில் சாய்ந்து பெட்டி காத்திருந்தது. ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் மேடையோரத்தில் எவர்சில்வர் தட்டுகள் நிற்கிற கம்பி ஸ்டாண்டை நோக்கித் திரும்பி, இரண்டு எவர்சில்வர் தட்டுக்கு நடுவில் கொஞ்சம் இடம் பண்ணி, வெள்ளைத் தட்டை அதில் சொருகினாள். கிணுங்கென்று ஒரு சத்தம். அமலோற்பவத்துக்கு நெஞ்சு துள்ளி அடங்கியது. எதித் அடுத்த தட்டுக்குக் கை நீட்டினாள்.

"சாயங்காலத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"தோசை. நீ இருப்பியா?"

"இருக்கேன். இதுலயே போடுங்க."